தலைநகரின் தோட்டங்கள் – 9: இரண்டு பேர்ச் நிலம்

சென்ற அத்தியாயத்தை 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று அந்தச் சட்டம் வரம்பு கட்டியது. மிகுதி வீடுகள் அரசுக்குப் போயின. துறைமுகத் தொழிலாளரும் மாநகர சபைத் துப்புரவுத் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ‘தோட்டம்’ எனும் லயன் வரிசைகள் பல அப்படித்தான் தேசிய வீடமைப்பு ஆணையாளரின் கைக்கு வந்தன. வாடகை வாங்கிய முதலாளி போய் அரசாங்கம் வந்தது. கூரை ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை. வாடகைக்கு வீடு கட்டுவதில் இனி லாபமில்லை என்று கண்ட காணிச் சொந்தக்காரர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். நகருக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு மிஞ்சியது கால்வாய்க் கரையும் ரயில் பாதை ஓரமும் சதுப்பு நிலமும்தான். அங்கே பலகையும் தகரமும் வைத்து ஒதுக்கிடம் கட்டிக்கொண்டார்கள். அந்த இடங்களில் பெரியதொன்று பொரளையில் இருந்தது.

பொரளை என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது கனத்தை மயானம்தான். திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படையினரின் இறுதிச் சடங்குக்கென்று 1983 ஜூலை 24ஆம் திகதி அங்கே கூடிய கூட்டம், மயானத்தை விட்டு வெளியேறித் தமிழர் கடைகளையும் வீடுகளையும் தேடிப் போயிற்று. அடுத்த சில நாட்களில், கூப்பிடு தூரத்திலுள்ள வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே வீடுகளை இனங்கண்டார்கள் என்பது பலர் சொன்ன சாட்சியம். ஒரு குடியிருப்பை நெருப்பு வைத்து ஒரே இரவில் காலி செய்யலாம் என்பதற்குப் பொரளை உதாரணமானது. சட்டம், வரைபடம், காணி விலை ஆகியவற்றின் துணையோடு ஆறுதலாகக் காலி செய்யலாம் என்பதற்கும் பின்னாளில் அதே பொரளைதான் உதாரணமானது. அப்படிக் காலியாகாமல் காக்கும் வழியைக் குடியிருந்தவர்களே வகுத்துக் காட்டிய இடமும் இதுதான். இந்த அத்தியாயம் அந்த மூன்றாவது கதையைப் பற்றியது.

வனாத்தமுல்லை

பொரளைச் சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதி வழியாகத் தெமட்டகொடைப் பக்கம் நடந்தால் வலப்புறத்தில் வருவது வனாத்தமுல்லை. தாழ்ந்த நிலம். மழை பெய்தால் கால்வாய் எங்கே முடிகிறது, ஒழுங்கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். சிங்களவர் பெரும்பான்மை, தமிழரும் முஸ்லிம்களும் அவர்களோடு கலந்திருந்தார்கள். கொழும்பின் மிகப் பெரிய சேரிக் குடியிருப்பு என்று 1980களில் பெயரெடுத்த இடம் இது.

1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. அடுத்த ஆண்டு தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை வந்தது. அதே காலத்தில் யுனிசெப் உதவியோடு கொழும்பின் தோட்டங்களில் சுகாதாரத் திட்டம் ஒன்றும் தொடங்கிற்று. குழாயும் கழிப்பறையும் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனால் மூன்று மாதத்தில் பழுதாகிவிடுகின்றன என்று கண்ட அதிகாரிகள், பராமரிப்பைக் குடியிருப்போரிடமே ஒப்படைக்க விரும்பினார்கள். அதற்காக ஒவ்வொரு தோட்டத்திலும் சமுதாய அபிவிருத்திச் சபை ஒன்றைக் கூட்டினார்கள். குழாயடிச் சண்டையைத் தீர்ப்பதற்கு வந்த அந்தச் சபைதான் பின்னால் ஊரின் வரைபடத்தையே கையில் எடுத்தது.

அரசு கட்டுவதா, மக்கள் கட்டுவதா?

வீடமைப்பு அமைச்சும் பிரதமர் பதவியும் அன்று ரணசிங்க பிரேமதாசவிடம் இருந்தன. 1978 முதல் 1983 வரை ‘ஒரு லட்சம் வீடுகள்’ திட்டம் நடந்தது. அதில் அரசே வீடு கட்டிக் கொடுத்தது. வீடு ஒன்றின் செலவோ ஏறிக்கொண்டே போனது. அந்த வேகத்தில் கட்டினால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு அவர்கள் ஆயுளில் வீடு கிடைக்காது என்பது கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. 1984இல் தொடங்கிய ‘பத்து லட்சம் வீடுகள்’ திட்டம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. வீட்டைக் கட்டுவது குடும்பத்தின் வேலை. காணியும் சிறுகடனும் தொழில்நுட்ப ஆலோசனையும் தருவது அரசின் வேலை. 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதும் இலங்கை முன்வைத்த யோசனையால்தான்.

நகரப் பகுதியில் இதை நடைமுறைப்படுத்தும்போது முதல் முட்டுக்கட்டையாக நின்றது சட்டப் புத்தகமே. சாதாரண நகர விதிப்படி வீட்டுக் காணி ஒன்று 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. வனாத்தமுல்லையில் ஆளுக்கு 6 பேர்ச் என்று பிரித்தால் மூன்றில் இரண்டு குடும்பம் வெளியே போக வேண்டிவரும். ஆகவே இத்தகைய குடியிருப்புகளை விசேட திட்டப் பகுதிகளாக்கி, குறைந்த அளவை 2 பேர்ச்சாக இறக்கினார்கள். 2 பேர்ச் என்றால் சுமார் 544 சதுர அடி. யாரையும் வெளியேற்றாமல் ஊரைச் சீராக்க வேண்டுமென்றால் காணியின் அளவைத்தான் குறைக்க வேண்டும், குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது என்ற முடிவு அது. இந்த வரலாற்றில் இதைவிட முக்கியமான முடிவு வேறொன்றும் இல்லை என்பேன்.

தரையில் போட்ட வரைபடம்

திட்டமிடும் முறைக்கு ‘சமுதாயச் செயற்றிட்டம்’ என்று பெயர். வீடமைப்பு அதிகார சபையின் அதிகாரிகளோடு மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கோதெர்ட், நபீல் ஹம்தி என்ற இரு கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து அதைச் செப்பனிட்டார்கள். நடைமுறை எளிது. இரண்டு நாள் பட்டறை. தோட்டத்துச் சனசமூக நிலையத்திலோ பாடசாலை மண்டபத்திலோ எல்லோரும் கூடுவார்கள். சுவரில் பெரிய தாள் ஒட்டியிருக்கும். பெண்கள் ஒரு குழு, இளைஞர் ஒரு குழு, சபையின் பொறுப்பாளர்கள் ஒரு குழு, அதிகாரிகள் ஒரு குழு என்று பிரிந்து அவரவர் பிரச்சினையை எழுதுவார்கள். பிறகு அவற்றை அருகருகே ஒட்டிப் பார்ப்பார்கள். அதிகாரிகளின் தாளில் வீட்டின் தரம் முதலிடத்தில் இருக்கும். பெண்களின் தாளில் கழிப்பறையும் தண்ணீரும் இருக்கும். எது முதல், எது பிறகு, யார் செய்வது, எப்போது முடிப்பது என்பதைச் சபையிலேயே வாதாடி எழுதி முடிப்பார்கள்.

அடுத்தது காணி பிரிக்கும் நாள். அன்று அலுவலக வரைபடத்துக்கு வேலை இல்லை. அளவு நாடா, கயிறு, மரமுளை, ஒரு வாளி சுண்ணாம்பு. முதலில் பாதையைக் குறிப்பார்கள். பிணம் தூக்கிப் போக, அம்புலன்ஸ் வர, கழிவு வாகனம் திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும் என்பது முதல் வாக்குவாதம். பாதைக்கு வழிவிட ஒரு வீட்டின் குசினி போகும். இன்னொரு வீட்டின் திண்ணை போகும். போனவருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஒதுக்குவார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமும் தன் இரண்டு பேர்ச்சில் நின்று நான்கு மூலையிலும் முளை அடிக்கும். அயல்வீட்டார் முன்னிலையில் எல்லை ஒப்புக்கொள்ளப்படும். நில அளவையாளர் அதற்குப் பிறகுதான் வருவார். அவருடைய வேலை மக்கள் போட்ட எல்லையை அளந்து தாளில் ஏற்றுவது.

எந்தக் குடும்பத்துக்கு இங்கே உரித்து உண்டு என்பதற்கு முன்கூட்டியே குடிக் கணக்கெடுப்பு நடந்திருக்கும். கணக்கில் பெயர் வந்தவருக்கு அட்டை உண்டு. 1983 ஜூலையில் பெயர்ப் பட்டியலைக் கண்டு நடுங்கிய பொரளையில், பட்டியலில் பெயர் இருப்பதே பாதுகாப்பு என்ற நிலை அடுத்த சில ஆண்டுகளில் வந்தது.

ஒப்பந்தக்காரர் இல்லாத ஒப்பந்தம்

திட்டம் மக்களுடையது, வேலை ஒப்பந்தக்காரருடையது என்றிருந்த வரைக்கும் பிரச்சினை தீரவில்லை. கேள்விப்பத்திரம் எடுத்த ஒப்பந்தக்காரர் சீமெந்தைக் குறைப்பார்; வடிகான் சரிவு பிழைக்கும்; தட்டிக் கேட்கப் போனால், ‘எனக்குக் காசு தருவது அதிகார சபை’ என்பார். இந்த வேலையை நாங்களே செய்கிறோம் என்று சபைகள் கேட்கத் தொடங்கின. 1980களின் நடுப்பகுதியில் ‘சமுதாய ஒப்பந்தம்’ பிறந்தது. பொறியியலாளர் போட்ட மதிப்பீட்டு விலைக்கே, கேள்விப்பத்திரப் போட்டி இல்லாமல், தோட்டத்துச் சபைக்கு வேலை கொடுக்கப்படும். முற்பணமும் தரப்படும். கிணறு, பொதுக் கழிப்பறை, வடிகான், நடைபாதை, சமுதாய நிலையம் போன்ற சிறு வேலைகள்தான். மேசனும் கூலியும் அதே ஒழுங்கையைச் சேர்ந்தவர்கள். மிஞ்சிய லாபம் சபையின் நிதியில் சேரும். பிழையாகக் கட்டினால் நாளைக்கு அதே கழிப்பறைக்குத்தான் தன் பிள்ளையும் போக வேண்டும் என்பதால் கண்காணிப்புக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

வீடமைப்பு அதிகார சபையில் பணியாற்றிய லலித் லங்காதிலக என்ற கட்டடக் கலைஞர் பின்னாளில் ஐ.நா. வாழ்விட நிறுவனத்துக்குச் சென்றார். இந்த முறை அவரோடு கம்போடியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போயிற்று. சொந்தக்காரரே கட்டும் அந்தச் சிந்தனையை வடக்குத் தமிழ் வாசகர் நேரிலேயே கண்டிருப்பார்கள். போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாயைக் கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கில் வாங்கி, தாமே மேசன் பிடித்துக் கட்டினார்களே, அதன் வேர்களில் ஒன்று கொழும்பின் சேரி ஒழுங்கைகளில் இருக்கிறது.

ஐந்து ரூபாய்

வீட்டுக் கடன் அரசிடமிருந்து வந்தது. அன்றாடக் கடனுக்கு நாள்வட்டிக்காரரே கதி. இதை மாற்ற நினைத்த பெண்கள் 1989இல் பத்துச் சிறு குழுக்களாகத் தொடங்கியதுதான் மகளிர் வங்கி. ஒரு குழுவில் 5 முதல் 15 பேர். வாரம் ஒரு தரம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம். ஆளுக்கு ஐந்து ரூபாய் வைக்க வேண்டும். வைத்த காசை எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, புத்தகத்தில் எழுதி, உரத்து வாசிப்பார்கள். யாருக்குக் கடன், எதற்காக, எத்தனை தவணை என்பதைக் குழுவே தீர்மானிக்கும். அடகுப் பொருள் கேட்பதில்லை. உத்தரவாதம் அயல்வீட்டாரின் அறிமுகம்தான். ஏனென்றால் யாருடைய கணவன் குடிக்கிறான், யாருடைய பிள்ளைக்கு உண்மையாகவே காய்ச்சல் என்பது அந்தத் திண்ணைக்குத் தெரியும். 1991இல் இது கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது. அதன் அலுவலகம் நகரத்தின் வங்கித் தெருவில் அமையவில்லை. பொரளை சீவலிபுரவில், இப்படிச் சீராக்கப்பட்ட குடியிருப்பு ஒன்றுக்குள்ளேயே அமைந்தது. பத்துக் குழுக்கள் நாடெங்கும் பல்லாயிரம் அங்கத்தவரைக் கொண்ட அமைப்பாக வளர்ந்தன.

இதே காலத்தில் உலகின் வேறு மூலைகளிலும் இப்படியான முயற்சிகள் நடந்தன. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் டட்லி வீதி மக்கள் 1984இல் அமைத்த சங்கத்துக்கு, கைவிடப்பட்ட காணிகளைக் கட்டாயமாகச் சுவீகரிக்கும் அதிகாரத்தையே 1988இல் மாநகரம் வழங்கிற்று. அவர்கள் அந்தக் காணியைச் சமுதாய நம்பிக்கைப் பொறுப்பில் வைத்தார்கள். வீட்டை விற்கலாம், அடிநிலம் சமுதாயத்துக்கே சொந்தம். தாய்லாந்து 2003இல் தொடங்கிய ‘பான் மன்கொங்’ திட்டத்தில், சேரி மக்களின் சேமிப்புக் குழுக்களுக்கு அரசு நிதி நேரடியாகக் கடனாகப் போயிற்று. குழு கூட்டாகக் காணி வாங்கியது, அல்லது நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. இவ்விரு இடங்களிலும் இருந்தது, பொரளையில் இல்லாதது ஒன்று உண்டு. அது நிலத்தின் மீது சமுதாயத்துக்கு எழுத்தில் கிடைத்த உரிமை.

எங்கே அறுந்தது?

1993 மே தினத்தன்று பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். ஒரு தலைவரின் பெயரோடு ஒட்டியிருந்த திட்டம் அவரோடு சரிந்தது. அடுத்து வந்த அரசுக்கு முன்னைய கட்சியின் சபைகளை வளர்ப்பதில் அக்கறை இருக்கவில்லை. பல தோட்டங்களில் எல்லை அளந்தாயிற்று, வீடும் கட்டியாயிற்று, காணி உறுதி மட்டும் வரவில்லை. கையில் இருந்தது அட்டையும் மின்சாரப் பட்டியலும்தான். அதற்குள் பேஸ்லைன் வீதிக் காணியின் விலை ஏறிவிட்டது.

1998இல் புதிய கணக்கு வந்தது. சேரி மக்களை அடுக்குமாடிக்கு ஏற்றினால் கீழே காணி மிஞ்சும். அதைச் சந்தையில் விற்றால் மாடி கட்டிய செலவு கைக்கு வரும். அதற்கென்று ரியல் எஸ்டேட் எக்ஸ்சேஞ்ச் என்ற அரச கம்பனி அமைந்தது. முதல் கட்டடம் வனாத்தமுல்லையிலேயே எழுந்தது. 2001இல் திறக்கப்பட்ட சஹஸ்புர, 14 மாடி, 671 வீடுகள். சுற்றியிருந்த 14 குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இழந்த வீட்டின் அளவைப் பார்த்து மாடிவீட்டின் அளவு தீர்மானிக்கப்பட்டது, பேச்சுவார்த்தையும் நடந்தது. ஆகவே இதை வெளியேற்றம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் திட்டத்தை வரைந்தவர்கள் வேறு, குடியேறியவர்கள் வேறு. மின்தூக்கி நின்றால் 12ஆம் மாடிக் கிழவி தண்ணீருக்கு என்ன செய்வாள், வாசலில் அப்பம் சுட்டு விற்றவள் எந்த வாசலில் விற்பாள் என்ற கேள்விகளுக்குப் பட்டறை வைக்கப்படவில்லை.

அதே 2001இல் கொழும்பு மாநகர சபையும் ‘செவனத்த’ என்ற தொண்டு நிறுவனமும் நகரின் குறைந்த வருமானக் குடியிருப்புகளைக் கணக்கெடுத்தன. 1,614 குடியிருப்புகள், 77,612 குடும்பங்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசிக் குடியிருப்புகள் ஏற்கெனவே ஓரளவேனும் மேம்பட்டிருந்தன. அதாவது, சுண்ணாம்புக் கோடும் சமுதாய ஒப்பந்தமும் வாரச் சேமிப்பும் வேலை செய்திருந்தன. அந்த ஆண்டு மே மாதம், வெளியேற்றத்தை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் கலந்தாலோசிக்க வேண்டும் என்று கூறும் தேசியக் கொள்கை ஒன்றையும் அமைச்சரவை ஏற்றது. ஆனால் அது கொள்கையாகவே நின்றது, சட்டமாக வரவில்லை.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே 8ஆம் திகதி கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் படையினரின் காவலில் இடிக்கப்பட்டன. பின்னர் வந்த நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்தின் கணக்கு இது: 68,812 குடும்பங்கள், சுமார் 900 ஏக்கர், நகரப் பரப்பில் 9 வீதம். மேம்பட்டது, மேம்படாதது என்ற வேறுபாடு போய்விட்டது. எல்லாமே ‘வசதி குறைந்த குடியிருப்பு’. வனாத்தமுல்லையில் கல்வீடு கட்டி, மாடி எழுப்பி, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பணம் கட்டி வந்தவர்களும் அந்தச் சொல்லுக்குள் அடங்கினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 முதல் வெளியிட்ட அறிக்கைகள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன: காணி சுவீகரிப்புச் சட்டத்தின் நடைமுறை இல்லை, நட்டஈடு இல்லை, புதிய மாடிவீட்டுக்கு முற்பணமும் பல ஆண்டு மாதத் தவணையும் இவர்களே கட்ட வேண்டும்.

அந்த மாடிவீடுகள் 400 சதுர அடி அளவில் தொடங்கின. பழைய 2 பேர்ச்சோ 544 சதுர அடி. வித்தியாசம் அதிகமில்லையே என்று தோன்றலாம். ஆனால் தரையிலுள்ள 544 சதுர அடியின் மேல் மகன் கலியாணம் கட்டும்போது ஒரு தட்டு எழுப்பலாம், முன்னறையைக் கடையாக்கலாம், முச்சக்கர வண்டியை வாசலில் நிறுத்தலாம். எட்டாம் மாடியின் 400 சதுர அடி என்றைக்கும் 400 சதுர அடிதான். மூன்று குடும்பம் குடியிருந்த கல்வீட்டுக்கு ஒரே மாடிவீடு கிடைத்தபோது மற்ற இரு குடும்பங்களும் வாடகைக்கு வீடு தேடிப் போயின. வெளியேற்றம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

கணக்கை முடிக்கும்போது

பொரளையின் இந்தப் பதினைந்து, இருபது ஆண்டு அனுபவத்தைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. நகரமே கட்டிக்கொடுக்க முடியாத அளவு வீடுகளை மக்கள் கட்டினார்கள். பெண்கள் தமக்கென்று ஒரு நிதியை உருவாக்கினார்கள். திட்டமிடல் அவர்களிடம் இருந்தது, முதலீடும் அவர்களிடம் இருந்தது. உறுதி மட்டும் அரசிடம் இருந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே மற்ற இரண்டையும் அரசால் அழிக்க முடிந்தது.

இன்று கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ வனாத்தமுல்லையிலோ தோட்டத்தில் குடியிருக்கும் வாசகருக்கு இந்த வரலாறு சொல்வது இதுதான். பழைய கணக்கெடுப்பு அட்டை, உரித்துப் பத்திரம், வரிச் சிட்டை, தண்ணீர் மின்சாரப் பட்டியல்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். அதிகாரி கொண்டுவரும் படிவத்தில் தனித்தனியாகக் கையெழுத்து வைக்காதீர்கள்; தோட்டமாகக் கூடி வாசித்த பிறகு வையுங்கள். மாடிக்குப் போய்விட்டவர்கள், உறுதி எப்போது, யார் பெயரில் என்பதை எழுத்தில் கேளுங்கள்; பராமரிப்புப் பணத்தின் கணக்கை முகாமைத்துவக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து ரூபாய்க்குக் கணக்கு வாசித்துக் காட்டிய ஊர் இது. லட்சத்துக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

(தொடரும்)